கொழுவலும் கோவமும்: யாழ்ப்பாணப் பேச்சில் பகையின் பிறப்பிடம்

1. கேள்வி

இருவருக்கிடையே பகை முற்றிவிட்டதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'அட் டாகர்ஸ் ட்ரோன்' என்றொரு மரபுத்தொடர் உண்டு. உருவிய கட்டாரியோடு இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்பது அதன் நேர்ப்பொருள். அதே நிலையை அளவெட்டியில் ஒருவர் சொல்வதானால், "அவையோட எங்களுக்குப் பேச்சுப் பறைச்சல் இல்லை" என்பார். பகை இன்னும் முற்றியிருந்தால், "நன்மை தின்மைக்கும் போறேல்லை" என்று சேர்த்துக்கொள்வார்.

ஆங்கிலத் தொடரில் ஒரு செயல் தொடங்கிவிட்டது; கத்தி உறையை விட்டு வெளியே வந்துவிட்டது. யாழ்ப்பாணத் தொடர்களில் செயல்கள் நின்றுபோயிருக்கின்றன. பேச்சு நின்றிருக்கிறது, போக்குவரவு நின்றிருக்கிறது. ஒரே மனநிலையை ஒரு மொழி ஆயுதத்தாலும் இன்னொரு வட்டாரப் பேச்சு விலகலாலும் குறிப்பது ஏன்? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

என் முடிபை முன்னரே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தின் பகைச்சொற்கள், ஒருவரை விட்டு ஒருவர் பிரிந்துபோக முடியாதபடி நிலத்தாலும் உரித்தாலும் பிணைக்கப்பட்ட மனிதரிடையே பிறந்தவை. ஆகவே அவற்றின் ஊற்றைக் குணத்தில் தேடுவதைவிட வேலியிலும் காணி உறுதியிலும் தேடுவது பொருத்தம். அந்தப் பிணைப்புக்குள் யார் யார் சேர்க்கப்பட்டார்கள், யார் சேர்க்கப்படவில்லை என்பதையும் இதே சொற்கள் காட்டிக்கொடுக்கின்றன.

2. உருவிய கட்டாரி: ஆங்கிலத் தொடரின் வரலாறு

இந்த ஆங்கிலத் தொடரின் முந்திய வடிவம் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் கிடைக்கிறது. அப்போது அது 'கட்டாரி உருவும் நிலை' என்ற பொருளில் வழங்கியது. 'உருவிய கட்டாரிகள்' என்ற வடிவம் 17ஆம் நூற்றாண்டில் தலைகாட்டி 19ஆம் நூற்றாண்டில் பரவலானது. முந்திய வடிவம் ஒரு கணத்தைக் காட்டுகிறது, பிந்திய வடிவம் ஒரு நிலையைக் காட்டுகிறது. சண்டை வெடிக்கப்போகும் நொடியைக் குறித்த தொடர் நாளடைவில் நெடும்பகைக்குப் பெயராகிவிட்டது.

இதன் பின்னணி விளக்கத்துக்கு எட்டாததன்று. டியூடர் காலத்து இங்கிலாந்தில் இடுப்பில் கட்டாரி தொங்குவது ஆண்களின் அன்றாட உடையின் பகுதியாக இருந்தது. மதுக்கடையில் வாய்த்தர்க்கம் முற்றினால் கை போகும் இடம் இடுப்புத்தான். கட்டாரி அணியும் வழக்கம் அழிந்த பிறகும் தொடர் அழியவில்லை.

இவ்வளவு தெளிவான வரலாறு எல்லாத் தொடர்களுக்கும் வாய்ப்பதில்லை. 'அட் லாகர்ஹெட்ஸ்' என்ற இன்னொரு பகைத்தொடரை எடுத்துக்கொள்வோம். லாகர்ஹெட் என்ற சொல் ஷேக்ஸ்பியர் காலத்தில் மரமண்டையைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில், கீல் உருக்குவதற்காகக் காய்ச்சிய குண்டுமுனை இரும்புக்கோலுக்கும் அதே பெயர் வழங்கியது. அக்கோலால் அடித்துக்கொண்டவர்களிடமிருந்தே தொடர் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். கவர்ச்சியான கதைதான், ஆனால் அப்படி அடித்துக்கொண்டதற்கும் தொடர் தோன்றியதற்கும் இடையே சான்றுச் சங்கிலி இல்லை. மடையர் இருவர் மோதிக்கொள்ளும் காட்சியிலிருந்தும் அது வந்திருக்கலாம்.

பகையின் முடிவைச் சொல்லும் 'கோடரியைப் புதைத்தல்' என்ற தொடரோ வட அமெரிக்காவின் முதற்குடிகள் உடன்படிக்கையின்போது உண்மையிலேயே கோடரிகளைப் புதைத்த வழக்கத்திலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் குடியேற்றக்காரர் அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இம்மூன்றிலிருந்தும் ஒரு முறையைப் பெறலாம். மரபுத்தொடர் ஒன்றின் ஊற்றைத் தேடுபவர் மூன்றை ஒன்றாக நிறுத்த வேண்டும்: அதன் முந்திய வடிவம், அது வழங்கிய சமூகத்தின் பொருள்வாழ்வு, அத்தொடர் இன்னும் செய்துகொண்டிருக்கும் வேலை. சுவையான கதை ஒன்று கிடைத்துவிட்டது என்பதால் இம்மூன்றில் எதையும் விட்டுவிடக் கூடாது.

3. தமிழ் மரபில் பகையின் பெயர்கள்

பகையைப் பகுத்துப் பெயரிடுவதில் தமிழ் மரபு தேர்ந்தது. தொல்காப்பியம் புறத்திணைகளை ஏழாக வகுக்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அவற்றைப் பன்னிரண்டாக விரிக்கிறது. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று பகையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பூ அடையாளமாகிறது. ஆநிரை கவர்வது முதல் நேர்நின்று பொருவது வரை, சூடிய பூவே பகையை அறிவிக்கிறது. இங்கே பகை வேந்தருக்குரியது, வெளிப்படையானது, முறைமை கொண்டது.

திருக்குறளில் இகல், பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல், உட்பகை என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றுள் நம் தேடலுக்கு நெருக்கமானது உட்பகை. வெளியே நிற்கும் பகைவனைவிட உறவின் வடிவில் உள்ளேயிருக்கும் பகை கொடிது என்பது அந்த அதிகாரத்தின் மையம். நெடுங்காலம் நெஞ்சில் தங்கிய சினத்தைச் செற்றம் என்று உரைமரபு வேறு பிரித்தது. கணநேரச் சினமும் காலத்தில் ஊறிய பகையும் ஒன்றல்ல என்ற நுட்பம் இங்கு பழையது.

நாட்டுவழக்கில் வேறொரு வகை உண்டு. கீரியும் பாம்பும், எலியும் பூனையும், காகமும் கோட்டானும் என்று விலங்குகளையும் பறவைகளையும் இணைசேர்த்துச் சொல்வது அது. இது இயற்கைப் பகை, பிறவியிலேயே வந்தது, தீராதது. இரண்டு குடும்பங்களைக் 'கீரியும் பாம்பும்' என்று ஒருவர் சொல்லும்போது, அவர்களின் பகைக்குக் காரணம் தேடவேண்டியதில்லை என்றே சொல்கிறார்.

ஆக மூன்று சொற்குடும்பங்கள் நம் முன் உள்ளன. ஆயுதமும் போர்க்கோலமும் தந்த சொற்கள் ஒன்று. விலங்கிணைகள் தந்தவை இரண்டு. தொடர்பு அறுதலைச் சொல்பவை மூன்று. தமிழில் மூன்றுமே வழங்குகின்றன. ஆயினும் யாழ்ப்பாணத்து அயலவரும் உறவினரும் தங்கள் சொந்தப் பகையைப் பேசும்போது கைக்கொள்வது பெரும்பாலும் மூன்றாவதையே.

4. வலிகாமத்துப் பேச்சில் பகை

அளவெட்டி யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில், மல்லாகத்துக்கும் தெல்லிப்பழைக்கும் அருகிலுள்ள விவசாயக் கிராமம். கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலாலும் நாதஸ்வர, தவில் கலைஞர்களாலும் பெயர்பெற்றது. செம்மண் தோட்டங்களும் நெருங்கிய குடியிருப்புகளும் கொண்ட இத்தகைய ஊரின் பேச்சில் பகை எப்படிப் படிப்படியாகப் பெயர்பெறுகிறது என்று பார்க்கலாம்.

முதற்படி கொழுவல். கொழுவுதல் என்றால் ஒன்றை மற்றொன்றில் மாட்டுதல். சட்டையை ஆணியில் கொழுவலாம். அதே வினை சண்டையையும் குறிக்கிறது: "அவன் தமையனோட கொழுவிட்டான்." இதற்கு அக்கம்பக்கமாக நிற்பது புடுங்குப்பாடு, பிடித்து இழுபறிப்படுதல். வேண்டுமென்று சீண்டுவது தனகுதல். மூன்றிலும் இருவர் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டை என்பது தொடர்பின் மிகை.

இரண்டாம் படி கோவம். பொதுத்தமிழில் கோபம் ஓர் உணர்ச்சி. யாழ்ப்பாணத்தில் அது ஒரு நிலையும் ஆகும். "அவை எங்களோட கோவம்" என்றால் அவர்கள் இப்போது சினந்திருக்கிறார்கள் என்று பொருளில்லை. முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்றே பொருள். அப்படிப்பட்டவர் 'கோவக்காரர்'. தகப்பன் காலத்துக் கோவத்தை மகன் சுமக்கலாம். அவனுக்கு அதன் காரணம் தெரியாமலும் இருக்கலாம். உரைமரபு செற்றம் என்று பிரித்ததை இப்பேச்சு உணர்ச்சியிலிருந்தே கழற்றி, உறவுமுறை போல ஒரு நிலையாக்கியிருக்கிறது.

இந்த நிலையின் ஆழத்தை அளக்க ஓர் ஏணி உண்டு. முதலில் நிற்பது பேச்சுப் பறைச்சல். பறைதல் என்பது பேசுதலுக்கான பழஞ்சொல். மலையாளத்தில் அன்றாட வினையாகவும் யாழ்ப்பாணத்தில் இத்தகைய இணைமொழியிலும் உயிரோடிருக்கிறது. அடுத்து வேலிப் பொட்டு அடைபடும். பொட்டு என்பது இரண்டு வளவுகளுக்கிடையே ஆள் நுழைந்துபோக வேலியில் விட்ட இடைவெளி. உப்புக்கும் தேங்காய்ப்பாதிக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் அதுவே வழி. வாசற் படலையால் வருபவர் விருந்தாளி, பொட்டால் வருபவர் வீட்டு ஆள். பொட்டை ஓலை வைத்து அடைப்பது ஊரறிந்த அறிவிப்பு. ஒரு சொல்லும் தேவையில்லை.

அதற்கும் மேலே நன்மை தின்மை. கலியாணவீடு, சாமத்தியவீடு, வீடுகுடிபுகுதல் ஆகியவை நன்மை. செத்தவீடும் அந்தியேட்டியும் தின்மை. இவ்விரண்டில் நன்மை முதலில் அறுபடும், தின்மை கடைசியாக அறுபடும். கலியாணத்துக்கு அழைப்பு வேண்டும். அழைக்காவிட்டால் மானத்தோடு விலகியிருக்கலாம். சாவுக்கு அழைப்பின் முறைமையை எதிர்பார்த்திருப்பது பண்பாகாது என்பது பொதுநியாயம். அதனால்தான் 'செத்தவீட்டுக்கும் போகாத கோவம்' என்பது ஏணியின் உச்சம். பல கோவங்கள் செத்தவீட்டில் தீர்வதற்கும் இதுவே காரணம். வாய்க்கரிசி போட வந்தவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. படலைக்குள் கால்வைப்பதே சமாதானம். கோடரியைப் புதைக்கும் சடங்குக்கு ஈடாக இங்கே நிற்பது இந்த வருகை.

இத்தொடர்கள் எழுத்தில் பதிவான வரலாறு ஆங்கிலத் தொடர்களுடையது போன்றதன்று. யாழ்ப்பாணம் அகராதிக்கலையில் முன்னோடி மண். மானிப்பாய் அகராதி 1842இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொற்சேகரத்தை அடித்தளமாகக் கொண்ட வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் வந்தது. பீட்டர் பேர்சிவல் 1840களில் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட பழமொழித் தொகுப்பு, 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளோடு சென்னையில் விரிவுபெற்றது. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் யாழ்ப்பாண வழக்குகளைத் தனிக்குறியிட்டுக் காட்டியது. இப்பணிகள் சொல்லையும் பொருளையும் காத்தன. ஆனால் ஒரு தொடர் எந்தச் சூழலில், யாருக்கிடையே வழங்கியது என்பதைப் பதிவுசெய்வது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. எனவே இங்கே ஊற்றைத் தேட, மேலே சொன்ன மூன்றில் பொருள்வாழ்வே முதற்சான்றாக வேண்டும்.

5. வேலியும் சட்டமும்

யாழ்ப்பாணத்து வேலி உயிருள்ளது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக நட்டு, இடையே கிடுகோ பனையோலையோ வைத்து வரிச்சுப்பிடித்துக் கட்டுவார்கள். கதியால் வேர்விடும், பருக்கும், சாயும், பட்டுப்போகும். பட்ட இடத்தில் புதிது நடவேண்டும். அதன் குழை ஆட்டுக்குத் தீன், தோட்டத்துக்குப் பசளை. உக்கிய ஓலையும் மண்ணுக்கே போகும். ஆகவே வேலி எல்லை மட்டுமன்று, விளைச்சல் தரும் ஆதனமும் ஆகும். அது காலந்தோறும் புதுப்பிக்கப்படுவதால் ஒவ்வொரு வேலியடைப்பிலும் எல்லை மறுபடியும் எழுதப்படுகிறது.

புதுக் கதியாலை நாலு விரற்கடை தள்ளி நடுவதற்கு 'வேலி அரக்குதல்' என்று பெயர். பரப்புக் கணக்கில் அளக்கும் காணியில், ஏறத்தாழ பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும் நாட்டில், இந்த நாலு விரற்கடைக்கு ஏன் இவ்வளவு பகை? இதற்கு வழக்கமான விடை, யாழ்ப்பாணத்தாரின் குறுகிய மனம் என்பது. நகைச்சுவை நாடகங்களும் மேடைப்பேச்சும் இந்த விடையைப் பலகாலமாகச் சொல்லிவந்திருக்கின்றன. இதை நான் ஏற்கவில்லை. சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிரிடையாக ஒரு நிலத்தை ஆண்டால் அது அவருக்குரியதாகலாம். இங்கே 'எதிரிடையாக' என்பதே உயிர்நிலை. உரிமையாளர் விட்டுக்கொடுத்து, அவர் அனுமதியோடு ஆண்டால் எத்தனை ஆண்டானாலும் உரிமை வராது. கூட்டுரிமையாளரிடையே இது இன்னும் கடுமை. ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியாகவே கருதப்படும். மற்றவரை வெளிப்படையாக விலக்கியதைக் காட்டினாலன்றி காலம் எண்ணப்படாது. 1911இல் கொரயா எதிர் ஈசெரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரித்தானியப் பிரிவிக் கவுன்சில் இதை உறுதிசெய்தது.

இதை ஒரு விவசாயியின் இடத்திலிருந்து யோசிக்க வேண்டும். அயலவர் வேலியை அரக்கியதைக் கண்டும் நட்புக்காகப் பேசாதிருந்தால், அந்தப் பெருந்தன்மையே பத்தாண்டின் பின் அவருக்கு எதிரான சாட்சியாகலாம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இன்னும் அவசரப்படுத்துகிறது. சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கில், தகவல் பதிவான நாளில் யார் ஆட்சியில் இருந்தார் என்றே நீதிமன்று முதலில் பார்க்கும்; பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு அதற்கு முந்திய இரண்டு மாத அவகாசமே உண்டு. மௌனம் இழப்பாகும்போது கோபத்தைக் காட்டுவது உரிமையைக் காக்கும் செயலாகிறது. பொட்டை அடைப்பதும் பேச்சை நிறுத்துவதும், "நான் இதற்கு உடன்படவில்லை" என்று ஊர் அறியச் செய்யும் பிரகடனங்கள்.

இதோடு தேசவழமையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டச்சு ஆட்சியில் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706–07இல் தொகுத்து, பன்னிரண்டு முதலிமாரால் சரிபார்க்கப்பட்டு, பிரித்தானியரின் 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் சட்டவலுப் பெற்ற வழமை இது. காணியை விற்க விரும்புபவர் முதலில் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் அறிவிக்க வேண்டும் என்ற முன்கொள்வனவு உரிமை அதன் முக்கியக் கூறுகளில் ஒன்று. அக்காணியை ஈடாகப் பிடித்திருந்த அடுத்த காணிக்காரருக்கும் பழைய தொகுப்பு இவ்வுரிமையைத் தந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதைக் கூட்டுரிமையாளருக்கும் உரித்தாளிகளுக்கும் வரையறுத்தது.

விளைவு என்ன? ஒருவருடன் எவ்வளவு பகைத்தாலும் காணியை விற்றுவிட்டு ஓடிவிட முடியாது. விற்பதற்கும் அந்தப் பகைவரிடமே முதலில் போகவேண்டியிருக்கலாம். சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்த காணியில் அயலவர் பெரும்பாலும் சகோதரியோ சிற்றப்பனோதான். கிணறு பொது, வாய்க்கால் பொது, ஒழுங்கை பொது. பங்குக் கிணற்றில் இறைப்பு முறை வரும் நாளில் கோவக்காரர் இருவரும் ஒரே துலாவின் கீழ் சந்தித்தே ஆகவேண்டும்.

கட்டாரியை உருவியவர்களுக்கு இரண்டே முடிவுகள்: ஒருவர் வீழ்வார், அல்லது இருவரும் பிரிந்து போவார்கள். இங்கே இரண்டுமே இயலாதபோது, கிணற்றடியில் அருகருகே நின்றுகொண்டே தூரத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. அத்தூரத்தை உண்டாக்கும் கருவியாகப் பேச்சும் வருகையும் அமைந்தன. சண்டையைக் 'கொழுவல்' என்று மாட்டிக்கொள்ளலாகவும், பகையைக் 'கோவம்' என்று விலகலாகவும் இப்பேச்சு பிரித்துக்கொண்டதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது.

6. ஒரு மறுப்பு

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. யாழ்ப்பாணப் பேச்சில் ஆயுதச் சொற்களும் உள்ளனவே? வெட்டுக்குத்து, வெட்டுப்பழி குத்துப்பழி என்கிறார்கள். வரிந்து கட்டுதல், மல்லுக்கு நிற்றல் என்கிறார்கள். வேலிச்சண்டை கத்தியில் முடிந்த வழக்குகளும் இந்நாட்டு நீதிமன்றங்களில் குறைவில்லை.

சொற்கள் உள்ளன என்பது உண்மை. ஆனால் அவை செய்யும் வேலை வேறு. வெட்டுக்குத்து ஒரு நிகழ்வின் பெயர், வெட்டுப்பழி குத்துப்பழி பெரும்பாலும் மறுப்பில் வருகிறது: "எங்களுக்குள்ள என்ன வெட்டுப்பழி குத்துப்பழியோ? வேலிக் கதைதானே." அதாவது, கோவத்தை அதன் எல்லைக்குள் நிறுத்திவைக்கவே அச்சொல் பயன்படுகிறது. ஆங்கிலத் தொடர் நிகழ்வின் பெயரிலிருந்து நிலையின் பெயராக வளர்ந்தது. இங்கே நிகழ்வுக்கு ஒரு சொல்லும் நிலைக்கு வேறொரு சொல்லும் கடைசிவரை தனித்தனியே நின்றன. இந்தப் பிரிவினை வன்முறையைத் தடுத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வன்முறைக்குப் போகாமல் பகைத்திருப்பதற்கு ஓர் ஒழுங்கான வழியைப் பேச்சு வைத்திருந்தது என்கிறேன். 1958ஆம் ஆண்டின் இணக்க சபைகளும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகளும் அந்த வழிக்கு அரசு தந்த நிறுவன வடிவங்கள் எனலாம்.

7. கோவத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

இந்த ஒழுங்கை வியந்து பாராட்டி நிறுத்திக்கொள்ள முடியாது. கோவம், பொட்டடைப்பு, நன்மை தின்மை ஆகிய அனைத்தும் ஒரு முற்கோளின் மேல் நிற்கின்றன: இருவரும் முன்பு பேசியிருக்க வேண்டும், ஒருவர் வீட்டில் ஒருவர் இருந்து உண்டிருக்க வேண்டும். படலைக்குள் வர உரிமையுள்ளவரே வராமல் விடலாம். சபையில் பாய் விரிக்கப்பட்டவரே சபையைப் பகிஷ்கரிக்கலாம்.

யாழ்ப்பாணச் சமூகம் தன் மக்களில் ஒரு பெரும்பகுதியினரை அந்தப் படலைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. கிணற்றில் அள்ளவும் கோயிலுக்குள் புகவும் கதிரையில் அமரவும் தடுக்கப்பட்டவர்களுக்கு இந்த ஏணியில் ஒரு படியும் இருக்கவில்லை. அவர்கள் நன்மை தின்மைக்கு வந்தது உறவினராக அன்று, தொழும்பாளராக. வராமல் விட்டால் அதற்குப் பெயர் கோவம் அன்று. அதை மேற்சாதியார் மீறல் என்று கண்டார்கள், அதற்குத் தண்டனையும் தந்தார்கள். சமத்துவம் இல்லாத இடத்தில் பகைப்பதற்கும் உரிமை இருக்கவில்லை.

அளவெட்டியில் 1927இல் பிறந்த மஹாகவி, இயற்பெயரால் து. உருத்திரமூர்த்தி, இதைக் கூர்ந்து கண்ட கவிஞர். அவருடைய 'தேரும் திங்களும்' என்ற கவிதை, தேர்வடத்தில் கைவைக்க வந்த ஒரு மனிதன் தாக்கப்படுவதை, மனிதன் நிலவில் கால்பதித்த காலத்தோடு சேர்த்து நிறுத்துகிறது. அக்கவிதையின் சூழல் கற்பனையில் பிறந்ததன்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்திருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது; அதிலிருந்து தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. 1968இல் அளவெட்டிக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசம் கோரியவர்களை முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் முன்னின்று தடுத்தார்.

அந்த வாசலில் நின்றவர்கள் கேட்டதை நம் சொல்லாராய்ச்சி வேறொரு வெளிச்சத்தில் காட்டுகிறது. கோயிலுக்குள் போக உரிமை கேட்டவர்கள், ஊரின் உறவுக்குள்ளும் ஊரின் சண்டைக்குள்ளும் சமமாக நிற்கும் உரிமையையும் சேர்த்தே கேட்டார்கள். வேலிச்சண்டையின் கதையை யாழ்ப்பாணத்தின் பொதுக் கதையாகச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வேலி வைக்கச் சொந்தக் காணி இல்லாத மக்களும் அதே ஊர்களில்தான் வாழ்ந்தார்கள்.

8. வேலி அழிந்த காலம்

1990இல் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகத் தொடங்கியது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தது. பலர் அடுத்த ஆண்டு திரும்பினார்கள். வலயத்துக்குள் காணி இருந்தவர்கள் மல்லாகம், சுன்னாகம் சுற்றுவட்டாரத்து முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் இரண்டு தலைமுறையாகக் காத்திருந்தார்கள். 2009க்குப் பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்கு அவர்கள் போனபோது வேலி இல்லை, கதியால் இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. எல்லையைச் சொல்ல வேண்டிய முதியவர்கள் இறந்துவிட்டார்கள், அல்லது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்தார்கள்.

ஆட்சியுரிமைச் சட்டத்தின் பத்தாண்டுக் கணக்கு இந்தக் காலத்தில் பெரும் அநீதியாக முடியக்கூடியதாயிருந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் நீதிமன்றை நாடமுடியாதிருந்தவர்களுக்கு விலக்கு அளித்தது. ஆனால் அதன் சொல்லாட்சி ஒருபக்கமானது. அரச படைகளின் வசமிருந்த நிலத்தால் வந்த இழப்பை அது பெயர்சொல்லிக் குறிக்கவில்லை. வலிகாமம் வடக்கு மக்களுக்கு இந்தக் குறை சிறியதன்று.

திரும்பி வந்தவர்களும் வெளிநாட்டுப் பணம் பெற்றவர்களும் இப்போது மதில் கட்டுகிறார்கள். மதிலை அரக்க முடியாது என்பது நன்மை. ஆனால் மதிலில் பொட்டு வைக்கவும் முடியாது. ஓலை மாற்றும் நாளில் இரு வீட்டாரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று பேசவேண்டிய தேவையும் போய்விட்டது. சொற்களிலும் மாற்றம் தெரிகிறது. கோவம் என்ற நிலைக்கு முன்நிபந்தனையான அன்றாடப் பழக்கம் குறையும்போது, கோவத்தின் இடத்தைப் பழக்கமின்மை எடுத்துக்கொள்கிறது. இதைச் சமாதானம் என்று எண்ணிவிடுவது தவறு.

9. முடிபு

இதுவரை கண்டவற்றைத் தொகுக்கலாம். ஆங்கிலத் தொடரின் ஊற்று, கட்டாரி அணிந்த தனிமனிதர் மோதும் தெருவில் இருக்கிறது. யாழ்ப்பாணத் தொடர்களின் ஊற்று, பிரிந்துபோக முடியாத பங்காளிகளின் வளவில் இருக்கிறது. அவற்றை வடிவமைத்தவை உயிர்வேலி, பங்குக் கிணறு, தேசவழமை, எதிரிடை ஆட்சி என்ற சட்டக்கோட்பாடு ஆகியவை. குறுகிய மனம் என்ற விளக்கம் மலிவானது, சான்றுக்கு நில்லாதது. அதை நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நிறுத்த வேண்டும். அதே வேளை, இந்தச் சொற்களின் அழகில் மயங்கி அவை யாரை வெளியே வைத்தன என்பதை மறைக்கவும் கூடாது.

செய்யவேண்டிய வேலை தெளிவாகவே இருக்கிறது. மல்லாகம் நீதிமன்றின் பழைய வழக்கேடுகளிலும், நொத்தாரிசுமாரின் உறுதிகளிலும், மத்தியஸ்த சபைகளின் முறைப்பாடுகளிலும் மக்கள் தங்கள் பகையை எந்தச் சொற்களில் சொன்னார்கள் என்பதை ஆண்டோடும் ஊரோடும் சாதிநிலையோடும் சேர்த்துத் தொகுக்க வேண்டும். மானிப்பாய் அகராதிக்காரர் 1842இல் சொல்லுக்குச் செய்ததை, இன்று சொல்லின் வழக்குக்குச் செய்யவேண்டும். அப்படிச் செய்தால், யார் யாரோடு கோவித்துக்கொள்ள முடிந்தது என்ற வரைபடம் ஒன்று கிடைக்கும். ஒரு சமூகத்தின் சமத்துவம் எந்தப் பத்தாண்டில் எவ்வளவு விரிந்தது என்பதை அந்த வரைபடம், சட்டப் புத்தகங்களைவிட நேர்மையாகச் சொல்லும்.